பிள்ளையின் கண் ஆடினால்

குழந்தையின் கண் அசைவில் சந்தேகம் வந்தால் முதல் வேலையாகச் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், வயிறு நிறைந்து விழித்துக் கிடக்கும் நேரத்தில், முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி அரை நிமிடம் எடுத்தால் போதும். மருத்துவரின் அறைக்குள் போனதும் பிள்ளை தூங்கிவிடும். இல்லையென்றால் கண்ணை இறுக மூடிக்கொண்டு வீறிடும். "வீட்டுல நல்லாத் தெரியுது டாக்டர், இங்க வந்தா காட்ட மாட்டேங்கறான்" என்று தவிப்பதைவிட அந்த வீடியோவை நீட்டுவது மேல்.

என் மகனுக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது மாமியார்தான் முதலில் கவனித்தார். மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தவர், "இவன் கண்ணு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே, வந்து பாரும்மா" என்றார். குனிந்து பார்த்தேன். இரண்டு கருவிழிகளும் சேர்ந்து, இடமும் வலமுமாக, ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தன. எதையாவது உற்றுப் பார்க்க முயன்றால் ஆட்டம் கூடியது. தூங்கியதும் நின்றது.

அக்கம்பக்கத்தில் சொல்லாத வைத்தியம் இல்லை. தூளியில் ஒரே பக்கமாக வெளிச்சம் விழுகிறது, அதனால்தான் என்றார் ஒருவர். தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கண்ணில் விடு என்றார் இன்னொருவர். விளக்கெண்ணெய், மை, திருஷ்டி கழிப்பு என்று நீண்டுகொண்டே போனது. மாமியார் அத்தனைக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "கண்ணுக்குள்ள ஒண்ணும் விடக் கூடாது. விடிஞ்சதும் கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்." அவர் சொன்னது முற்றிலும் சரி. பாலும் எண்ணெயும் கிருமி சேர வழிவிடும். மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

மருத்துவர் நான் எடுத்துப்போன வீடியோவை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். நிறைமாதத்தில் பிறந்தானா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுகிறதா, குடும்பத்தில் யாருக்காவது கண் இப்படி ஆடுமா என்றெல்லாம் கேட்டார். பிறகு கண்பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து. அது வேலை செய்யும்வரை காத்திருந்தோம். கைகால் அசையாமல் துணியில் சுற்றி, இமை மூடாதபடி சின்னக் கம்பி ஒன்றைப் பொருத்தி, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்த்தார்கள். பிள்ளை கதறிய கதறலில் எனக்குக் கால் துவண்டது. முடிந்து தோளில் போட்ட சற்று நேரத்தில் அவன் பால் கேட்டான். இந்தச் சோதனைக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம்.

மூளை ஸ்கேனும் பார்த்தபின் முடிவு வந்தது. விழித்திரை, லென்ஸ், நரம்பு எல்லாம் சரியாக இருந்தன. இது பச்சிளம் பருவத்தில் தொடங்கும் நிஸ்டாக்மஸ் என்றார்கள். பெரும்பாலும் பிறந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் வெளியே தெரியும். "கண் ஆடுதே, அவனுக்கு எல்லாம் ஆடுற மாதிரி தெரியுமா டாக்டர்?" என்று கேட்டேன். "இல்லைம்மா, பிறந்ததுலேர்ந்தே பழகின மூளை. அவனுக்கு உலகம் நின்னுதான் தெரியும்" என்றார். அன்று இரவுதான் நான் தூங்கினேன்.

எல்லா அசைவும் நோய் இல்லை. முதல் மூன்று மாதத்தில் இரண்டு கண்களும் அவ்வப்போது ஒன்றுக்கொன்று விலகுவது சகஜம். தூக்கத்தில் சிரித்தும் விசும்பியும் 'நரி விரட்டுது' என்று நாம் சொல்லும் நேரத்தில், பாதி திறந்த இமைக்குள் விழி உருள்வதும் அப்படித்தான். மூக்குத்தண்டு அகலமாக இருந்தால் கண் நேராக இருந்தும் மாறுகண் போலத் தோன்றும். ஆனால் ஒரு கண் எப்போதும் ஒரே பக்கம் திரும்பியே இருந்தால் எத்தனை மாதக் குழந்தையானாலும் காட்ட வேண்டும். நான்கு மாதம் தாண்டியபின் அவ்வப்போது விலகினாலும் காட்ட வேண்டும். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்ற பேச்சு எத்தனை பிள்ளைகளின் பார்வையைக் கெடுத்திருக்கிறதோ! விலகிய கண் தரும் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால், அந்தக் கண்ணில் பார்வை வளராமலே போகும். சிறு வயதிலேயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மறைத்துப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஆறு மாதக் குழந்தைக்கு, தூங்கி எழுந்ததும் கண் மேலே செருகும். தலை கவிழ்ந்து, இரண்டு கையும் வெடுக்கென்று விரியும். சில நொடி விட்டு மறுபடியும் வரும். வாய்வு, திடுக்கிடல் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அது வலிப்பில் ஒரு வகை. வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1841இல் தன் சொந்த மகனிடம் இதைப் பார்த்துவிட்டு, வழி தெரியாமல் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். சலாம் போடுவது போலிருப்பதால் 'சலாம் வலிப்பு' என்றும் அதற்குப் பெயர் வந்தது. இன்று அவர் பெயரிலேயே அந்த நோய் வழங்குகிறது. அவருக்குக் கிடைக்காத மருந்து நமக்குக் கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அந்த அளவுக்குப் பலன். இப்படி இருந்தால் கண் மருத்துவருக்குக் காத்திராமல் நேராகக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்து, தலையும் வேகமாகப் பெருத்துக்கொண்டு போனால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். விழிகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் துள்ளினாலும், கண் ஆட்டத்தோடு தலையும் ஆடினாலும் உடனே காட்டுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால் அது புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். குறைமாதக் குழந்தை என்றால் அறிகுறி எதற்கும் காத்திருக்க வேண்டாம். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், 30 நாளைக்குள் விழித்திரைச் சோதனை முடிந்திருக்க வேண்டும். மிகவும் குறைமாதம் என்றால் இன்னும் முன்னதாகவே. பச்சிளம் குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது இதை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

என் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். கண் ஆட்டம் முழுதாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லிவிட்டார்கள். முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, கடைக்கண்ணால் பார்க்கும்போது ஆட்டம் அடங்கி எழுத்து தெளிகிறது. புத்தகத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாலும் அப்படியே. காய்ச்சலிலும் அலைச்சலிலும் கூடும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இப்படிப்பட்ட பிள்ளையிடம் "தலையை நேரா வெச்சுப் படி" என்று சொல்லாதீர்கள். முன்வரிசையில் இடம் கொடுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கரும்பலகை தெரிகிறது என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள்.