கரிசலுக்கு ஒரு சர்வர்

கேள்வி: கோவில்பட்டி வட்டாரத்துக்கென்று மஸ்டடான் என்னும் சமூக வலைத்தளத்தின் சர்வர் ஒன்று நடத்த நினைக்கிறோம். நூறு பேர்கூடச் சேர மாட்டார்கள் என்கிறார்களே, வீண் வேலையா?

பதில்: நூறு பேர் போதும். கோடிக்கணக்கில் தரவிறக்கப்பட்ட ‘கூ’ சமூக ஊடகச் செயலியே 2024 ஜூலையில் மூடுவிழா கண்டது. பெருங்கூட்டம் அதைக் காப்பாற்றவில்லை. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் இந்தியர்கள் மஸ்டடானுக்குத் திரண்டு வந்தார்கள், பலர் வந்த வேகத்திலேயே திரும்பினார்கள். கோபம் ஆளைக் கூட்டிவரும், தங்க வைப்பது பேச்சுதான். எழுத்தாளர் கி.ரா. கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த மண்ணில் பேச்சுக்கா பஞ்சம்? சிறிய சர்வர் என்றால் தனித்தீவு என்றும் பொருளில்லை: சர்வர்களை இணைக்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையால், சென்னையிலோ பெர்லினிலோ வேறு சர்வரில் இருப்பவரும் உங்கள் ஊர்ப் பதிவைப் பின்தொடரலாம்.

செலவைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். மென்பொருள் இலவசம், வாடகை சர்வரும் பெரிய தொகையில்லை. சர்வரின் வட்டை நிரப்புவது உங்கள் நூறு பேரல்ல, அவர்கள் பின்தொடரும் வெளியூர்க்காரர்களின் படங்கள். அவற்றின் நகலும் உங்கள் சர்வரில் வந்து குவியும்; பழையதை அவ்வப்போது அழிக்க ஏற்பாடு வேண்டும். மெய்யான சுமை ஆள்தான். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும். சாதிச் சண்டை இரவு பதினொன்றுக்கு மூளும்போது ஒற்றை ஆள் தாங்கமாட்டார். மூன்று பேராவது முறை வைத்துப் பாருங்கள். ஒருநாள் மூட நேர்ந்தால், பின்தொடர்வோரை வேறு சர்வருக்கு மாற்றலாம், ஆனால் பழைய பதிவுகள் உடன் வராது. அதை முதல் நாளே உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள்.