பின்வீட்டுத் தடுப்புச் சுவர் சாய்கிறது: யார் பொறுப்பு?

கேள்வி: ஜுருவில் ஒரு தாமானில் குடியிருக்கிறோம். எங்கள் சமையலறைக்குப் பின்னால், மேட்டிலிருக்கும் வீட்டின் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. விரிசலில் செம்மண் கலந்த நீர் வழிகிறது. பின்வீட்டுக்காரரோ, “மேம்பாட்டாளர் கட்டிய சுவர், எனக்குப் பொறுப்பில்லை” என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: முதல் வேலையாக, சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம். நீர் மண்ணோடு வருவது, உள்ளே மண் அரிபடுவதன் அடையாளம்.

அடுத்து, கிராண்டையும் எல்லைக் கற்களையும் பாருங்கள். சுவர் அவர் நிலத்தில் நின்றால் பராமரிப்பு அவர் பொறுப்பு. ‘நான் கட்டவில்லை’ என்ற வாதம் எடுபடாது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். அதன் பின்னாலிருந்த மலைச்சரிவின் உரிமையாளர் அங்குள்ள சுவர்களைக் கட்டியவர் அல்லர். ஆனாலும் வடிகாலையும் சுவர்களையும் கவனிக்கத் தவறியதற்காக, உயர் நீதிமன்றம் 2000-இல் அவரையும் பொறுப்பாக்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, இயற்கை நிலையிலுள்ள நிலத்துக்கு அண்டை நிலத்தின் தாங்கலை உரிமையாக்குகிறது. அவர் பக்கம் மண் கொட்டி உயர்த்தியிருந்தால் அதைத் தாங்கும் கடமை உங்களுக்கில்லை. உங்கள் பக்கம் மேட்டை வெட்டிச் சமன்படுத்தியிருந்தால் பொறுப்பு உங்கள் மீதும் திரும்பலாம். மேம்பாட்டாளரின் பழைய மண்வேலை வரைபடம் இதைக் காட்டும்.

பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு ஆய்வறிக்கை வாங்குங்கள். சுவரின் நீர்வடி துளைகள் அடைபட்டால், மழைநீர் பின்னால் தேங்கி சுவரைத் தள்ளும்; கசிவை நிறுத்த அவற்றில் சிமெண்டு பூசிவிடாதீர்கள். அறிக்கை, தேதியிட்ட படங்களுடன் பின்வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு அவர் சொல்ல முடியாது.

நகலைச் செபராங் பிறை மாநகர் மன்றத்துக்கும் கொடுங்கள். ஆனால் மன்றத்தை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள்: அதே ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில், சட்டப் பாதுகாப்பைக் காட்டி ஊராட்சி மன்றத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் விடுவித்தது.

அவர் அசையாவிட்டால், சுவர் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்து நெருங்கியிருப்பதைப் பொறியாளர் அறிக்கையால் காட்டினால், பழுதுபார்க்கும்படி நீதிமன்றம் முன்கூட்டியே ஆணையிட முடியும். போன உயிரை எந்த நஷ்டஈடும் மீட்டுத் தராது. கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.