பாளையங்கோட்டைக்கு இப்போதே மாறலாமா?

கேள்வி: ஐயா, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு முடித்திருக்கிறேன். அரியர் எதுவும் இல்லை. அப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். பிளஸ் டூவில் கூடப் படித்தவள் பாளையங்கோட்டையில் பெரிய கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். "நீ எந்தக் காலேஜ்?" என்று விசேஷ வீடுகளில் கேட்டால் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இரண்டாமாண்டில் அங்கே மாறிவிடலாமா? கடன் வாங்கியாவது சேர்க்கிறேன் என்கிறார் அப்பா.

- வாசகி, புளியங்குடி

பதில்: மகளே, உன் ஆசையில் தப்பே இல்லை. சாராள் தக்கர் கல்லூரி 1895இலும் தூய சவேரியார் கல்லூரி 1923இலும் தொடங்கியவை. தலைமுறை தலைமுறையாக அங்கே சேர்ந்திருப்பது வெறும் பெயர் மட்டுமல்ல என்பது எனக்கும் தெரியும்.

ஆனாலும் இப்போது மாறாதே என்றுதான் சொல்வேன். இரண்டாமாண்டில் சேர முதலில் அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும். இரண்டு கல்லூரிகளும் சம்மதித்து, பல்கலைக்கழகமும் அனுமதிக்க வேண்டும். அதெல்லாம் கைகூடினாலும் பாடத்திட்டம் இடிக்கும். அந்தப் பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவைதான். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் என்பதால் பாடத்திட்டமும் வினாத்தாளும் அவர்களுடையவை. நீ முடித்த தாள் அங்கே மூன்றாம் செமஸ்டரில் வரலாம். அவர்கள் முதலாண்டிலேயே முடித்தது உனக்குப் புதிதாக இருக்கலாம். விடுபட்ட தாள்களை நடப்புத் தாள்களோடு சேர்த்து எழுத வேண்டிவரும். அரியரே இல்லாத பிள்ளைக்கு இந்தச் சுமை எதற்கு? தினமும் போய்வரும் தூரமும் இல்லை, விடுதிச் செலவு வேறு.

உனக்கு உண்மையான வாசல் முதுகலையில் இருக்கிறது. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு: மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மார்க். எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாய் என்று பார்த்து அங்கே மார்க் போடுவதில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட்-பிஜி நுழைவுத்தேர்வு இருக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறது. கணிதத்தில் ருசி கண்டவர்கள் அவசியம் எழுதிப் பார்க்க வேண்டிய தேர்வு அது.

ஜாமின் பழைய வினாத்தாள்கள் அதன் இணையதளத்தில் இலவசம். என்பிடெல் இணைய வகுப்புகளும் அப்படியே. இன்றே ஒரு தாளை இறக்கிப் பார். மெய்ப்பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும்தான் அதன் உயிர். ஒரு தொடர்வரிசை ஒருங்குகிறது என்று புத்தகம் சொன்னால், அதை மூடிவைத்துவிட்டு, எப்சிலானை எடுத்துக்கொண்டு வெறுந்தாளில் நீயே நிறுவிப் பழகு. கல்லூரித் தேர்வுக்கு மனப்பாடம் போதும், இதற்குப் போதாது.

ஒரு நிலைமையில் மட்டும் என் பதில் மாறும். முக்கியப் பாடத்துக்கு மாதக்கணக்கில் ஆசிரியரே இல்லை, வகுப்பே நடக்கவில்லை என்றால், தயங்காமல் மாறு. அப்போதும் இதே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும், தன்னாட்சி இல்லாத கல்லூரியை முதலில் பார். ஒரு தாளும் வீணாகாது. அங்கே இடம் உறுதி என்று எழுத்தில் வாங்காமல் இங்கே டி.சி.க்கு விண்ணப்பிக்காதே. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் உதவி தடையில்லாமல் தொடருமா என்பதையும் அலுவலகத்தில் கேட்டுவிடு.

அப்பாவிடம் சொல்: கடன் வாங்கத்தான் வேண்டுமென்றால், இரண்டு வருடம் கழித்து எம்.எஸ்சி.க்கு வாங்கலாம்.