பிள்ளைகளுக்கு ‘டிபிக்ட்’ பழக்க 8 குறிப்புகள்

படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பல பிள்ளைகள் ‘ஷோஸ்’ என்றே வரிக்கு வரி எழுதுகிறார்கள். ‘டிபிக்ட்’ என்ற வினைச்சொல்லும் தெரிந்திருந்தால் எழுத்து மெருகேறும். வீட்டில் இருப்பவற்றை வைத்தே அதைப் பழக்கலாம்.

1. ஓர் ஆளையோ இடத்தையோ நிகழ்ச்சியையோ ஓவியம், சிற்பம், எழுத்து, சினிமா வழியாகச் சித்திரிப்பதே ‘டிபிக்ட்’. வண்ணம் தீட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்தது. ‘பிக்சர்’ என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், பொருள் மறக்காது.

2. உச்சரிக்கும்போது ‘பிக்ட்’ என்ற பகுதியை அழுத்தச் சொல்லுங்கள். இறந்தகாலம் ‘டிபிக்டட்’.

3. பர்ஸில் உள்ள புதிய வரிசை ரூபாய் நோட்டுகளைத் திருப்பிக் காட்டுங்கள். 10 ரூபாயில் கோனார்க் சூரியக் கோயில், 50-இல் ஹம்பி கல்தேர், 100-இல் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, 200-இல் சாஞ்சி ஸ்தூபி, 500-இல் செங்கோட்டை. ‘திஸ் நோட் டிபிக்ட்ஸ் தி ரெட் ஃபோர்ட்’ என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லட்டும்.

4. ‘டிபிக்ட் அபவுட்’ என்று எழுதினால் உடனே திருத்துங்கள். இந்த வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. எதைச் சித்திரிக்கிறதோ அது நேராக வரவேண்டும்.

5. ஒருவரை எப்படிப்பட்டவராகக் காட்டுகிறது என்று சொல்ல ‘ஆஸ்’ சேர்க்க வேண்டும்: ‘தி ஸ்டோரி டிபிக்ட்ஸ் தி ஃபாக்ஸ் ஆஸ் கிளெவர்’. பாட்டி சொன்ன நரிக் கதை, காக்கைக் கதை எல்லாம் இதற்கு உதவும்.

6. தன் வீட்டையோ ஊரையோ வாயால் விவரிப்பதற்கு ‘டிஸ்கிரைப்’ போதும். நடிகர் ஒரு வேடத்தை ஏற்று நடிப்பதற்கு ‘போர்ட்ரே’ பொருந்தும்.

7. நவராத்திரியில் கொலுப்படி முன் நிற்கவைத்து, ‘ராமாஸ் காரனேஷன் இஸ் டிபிக்டட் ஹியர்’ என்று செயப்பாட்டு வினையில் சொல்லப் பழக்குங்கள். பெயர்ச்சொல் ‘டிபிக்‌ஷன்’ என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

8. இது எழுத்துக்கு ஏற்ற சொல். அன்றாடப் பேச்சுக்கு ‘ஷோ’வே இயல்பு. பரீட்சையிலும் ஒரு பத்திக்கு ஒருமுறை எழுதினால் போதும். அடுத்தடுத்த வரிகளில் வந்தால் இந்தச் சொல்லும் ‘ஷோஸ்’ போலவே சலித்துவிடும்.