சங்கக் கூட்டத்தில் பேசும் முறை

கூட்டத்தில் வாய் மூடியிருந்து, கலைந்த பின்பு திண்ணையில் பேசுவது நமது கிராமங்களில் பெருவழக்கம். இதனால் ஐக்கிய நாணயச் சங்கத்துக்கு விளையும் கேட்டை ஆராய்வோம்.

1887-ல் கோயமுத்தூர் ஜில்லா மான்யுவலைத் தொகுத்த பிரெடெரிக் நிக்கல்ஸன் துரை, விவசாய பாங்கிகளைப் பற்றி 1895, 1897-ம் ஆண்டுகளில் இரு பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். ஜெர்மனி தேசத்து ரெய்பீஸன் கண்ட கிராமச் சங்கமே நமக்கேற்ற மாதிரி என்பது அவர் முடிவு. அதன் பின்னரே 1904-ம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. ரெய்பீஸன் சங்கத்தை ஒரு கிராமத்தளவில் சிறியதாக அமைத்ததேன்? அண்டை அயலார் ஒருவரையொருவர் நன்கறிவர் என்பதாலன்றோ! அவ்வறிவே சங்கத்தின் முதல் ஈடு. அதைச் சபையில் கூறாதவர் சங்கத்தின் ஈட்டை மறைத்தவராவார்.

ஓர் அங்கத்தினர் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தோட்டத்துக்காரர் தமது கிணற்றில் கரும்பாறையைக் கண்டவர். 'நமக்கேன் பொல்லாப்பு' என்று அவர் மௌனமாயிருந்தால், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். பணம் பாறையில் போகும், தவணை தவறும், மனுதாரரின் பூமிக்கே ஆபத்து வரும். இத்தகைய தீர்மானங்களின் அடியில் கையொப்பமிட்டவர்களே, "அப்பொழுதே எனக்குத் தெரியும்" என்று கூறத் தணிக்கையின்போது கேட்டிருக்கிறேன்.

அவர் கூறவேண்டியது இவ்வளவே: "அண்ணா, என் கிணற்றில் பத்து முழம் வெட்டியும் ஊற்றில்லை. தங்கள் கிணற்றை நாலு பேர் பார்த்த பிறகு தீர்மானிப்போமே." இதில் அவமதிப்பில்லை, மறுப்பும் இல்லை, ஒரு வழி இருக்கிறது.

ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்துக் கூறுக.

2. மனுவைப் பற்றிப் பேசுக. மனுதாரரின் குடும்பத்தையும் பழம் பகையையும் இழுக்கற்க.

3. ஒருமுறை பேசியவர், மறுமுறை பேசுமுன் பேசாதவரின் அபிப்பிராயத்தைக் கேட்க. நூறு ஏக்கர் உடையவருக்கும் அரை ஏக்கர் உடையவருக்கும் சங்கத்தில் வோட்டு ஒன்றே.

4. பிறர் கூறியது சரியெனத் தோன்றினால், தம் கருத்தை மாற்றிக்கொள்ள வெட்கப்படற்க.

5. நடவடிக்கைப் புத்தகத்தை வாசிக்கக் கேட்ட பின்பே கையொப்பமிடுக. மாறுபட்ட கருத்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுக.

6. முடிவான பின் அதற்குக் கட்டுப்படுக. சபையில் பேசியதைச் சந்தைக்குக் கொண்டு போகற்க.

அடுத்த கூட்டத்தில், திண்ணைக்கென்று வைத்திருக்கும் ஒரு வார்த்தையைச் சபையிலேயே பணிவுடன் சொல்லிப் பாருங்கள். ஒருவர் பூமி தப்பினாலும் அது சங்கத்தின் லாபமே.