பந்தாட்டக்காரரும் காரியஸ்தரும்

கூடைப்பந்தாட்டம் 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலையில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை வகுத்து, மாணாக்கரின் குளிர்காலப் பயிற்சிக்கென அதனை அமைத்தார். அன்று அது ஊதியங் கருதாத விளையாட்டு. இன்றோ அந்நாட்டில் அதனையே தொழிலாகக் கொண்டோர் கோடிக்கணக்கான டாலர் ஈட்டுகின்றனர். பொருள் பெருகிய இடத்தில் பொருளைப் பேசி முடிப்பவரும் தோன்றுதல் இயல்பு. அத்தகைய காரியஸ்தரை ஆட்டக்காரர் மாற்றிக்கொள்ளுதல் பற்றியே இக்கட்டுரை ஆராய்கின்றது.

என். பி. ஏ. என வழங்கும் தொழிற்சங்கத்தில் ஆடுவோர் 1954-இல் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். அச்சங்கத்தின் சான்று பெற்றவரே காரியஸ்தராகலாம். அவர் பெறும் கூலி, ஒப்பந்தத் தொகையில் 100-க்கு 4 வீதத்திற்கு மேற்படலாகாது. 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஆட்டக்காரர் அவரை நீக்கிவிடலாம். ஆயினும், அவர் முன்னரே முடித்துவைத்த ஒப்பந்தத்திற்குரிய கூலி அவரையே சாரும். புதிதாய் வருபவருக்கோ, புதிய ஒப்பந்தம் எழுதப்படுமளவும் வருவாய் இல்லை. எனவே, மனக்குறையுற்ற ஆட்டக்காரரிடம் “உம் தகுதிக்கு இது போதாது” என்று கூறுவதில் புதியவருக்கு ஆதாயம் உண்டு. அவர் கூற்று மெய்யாகவும் இருக்கலாம். அதனை ஆராய்தலே அரிது.

இருவர் வரலாறு இதனை விளக்கும். நியூ ஆர்லியன்ஸ் குழுவின் அந்தோணி டேவிஸ் 2018 செப்டம்பரில் தம் பழைய காரியஸ்தரை விடுத்து ரிச் பால் என்பவரை அமர்த்தினார். 2019 ஜனவரியில், ஒப்பந்தத்தை நீட்டிக்க இசையேன், வேறு குழுவிற்கு மாற்றுக என்னும் வேண்டுகோள் அவர் சார்பில் வெளிப்பட்டது. அதனைப் பகிரங்கமாக்கியதற்கு 50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் அவ்வாண்டே அவர் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவிற் சேர்ந்தார். 2020-இல் அக்குழு வாகை சூடியது.

மற்றவர் நெர்லன்ஸ் நோயெல். 2017 கோடையில் டல்லாஸ் குழு 4 ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர் தர முன்வந்தது என்றும், தாம் 10 கோடி பெறத்தக்கவர் என ரிச் பால் கூறியதனால் அதனை மறுத்து, அவரையே காரியஸ்தராகக் கொண்டதாகவும் அவர் 2021-இல் தொடுத்த வழக்கிற் கூறினார். அவர் கையெழுத்திட்டதோ ஓராண்டிற்குரிய ஏறத்தாழ 41 இலட்சம் டாலர் ஒப்பந்தம். ஓராண்டு கழிந்தபின் தடையின்றி எக்குழுவோடும் பேசலாம் என்பதே அதன் பயன். ஆனால் அவ்வாண்டில் கட்டைவிரற் காயம் நேர்ந்தது. 2018-இல் மிகக் குறைந்த ஊதியத்திற்கே ஓக்லஹோமா குழுவிற் சேர்ந்தார். வழக்கிற் கூறியவை ஒரு பக்கத்தார் கூற்றே. பழி யாருடையது எனத் தீர்த்தல் நமது வேலையன்று.

நிற்க. ஆட்டக்காரரும் காரியஸ்தரும் ஒரே படகிற் செல்வோரல்லரோ, பெருந்தொகை கிடைப்பின் இருவரும் பெறுவர், குறையின் இருவரும் இழப்பர் எனச் சிலர் வினவலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 7 கோடிக்கு 4 வீதம் 28 இலட்சம். 41 இலட்சத்திற்கு 1,64,000. இழப்பு இருவர்க்கும் உண்டு என்பது மெய்யே. ஆனால் காரியஸ்தர் பலர்க்கு உழைப்பவர். ஒருவரிடம் இழந்ததை மற்றொருவரிடம் பெறுவர். ஆட்டக்காரர்க்கோ உடல் ஒன்றே. அவ்வுடல் வலியோடிருக்கும் ஆண்டுகளும் சிலவே. ஆகவே, துணிவு இருவருடையதாயினும் அபாயம் பெரும்பாலும் ஒருவருடையதே.

திருக்குறளின் அரசியற் பகுதியில் 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52-ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஆராய்ந்து நம்புதல் முன்னும், நம்பியவரிடம் வினையை ஒப்புவித்தல் பின்னுமாக நிற்கும் அவ்வைப்புமுறை கருதத்தக்கது. மனக்குறையின் வெப்பத்தில் காரியஸ்தரை மாற்றுவோர் இம்முறையைப் பிறழ்த்துகின்றனர். வினையை ஒப்புவித்த பின்னரே ஆராயத் தொடங்குகின்றனர். டேவிஸ் தாம் விரும்பியதை அடைந்தமையால் மாற்றுதல் எப்போதும் நன்றென்பதும், நோயெல் இழந்தமையால் எப்போதும் தீதென்பதும் பொருந்தா. பழையவர் செய்த தவறு யாது, புதியவர் கூறும் தொகையைத் தர இசைந்த குழு எது, காயம் நேரின் கைப்பொருள் யாது என்னும் மூன்றிற்கும் விடை பெற்றபின் மாற்றுதலே முறை.

நாமும் கலாசாலையை விட்டு நீங்கியபின், நம் உழைப்பின் விலையை நமக்காகப் பிறர் பேசும் நாள் வரலாம். அன்று, நம்மைப் புகழ்பவர் சொல்லை அவர் புகழ்ச்சியால் அளவாது, அச்சொல் பொய்ப்பின் அவர் இழப்பது என்ன என்பதனால் அளந்தறிவோமாக.