கொட்டியாரக் குடாவின் கத்தலை மீன்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்
அலகு: அங்கிகளும் சூழலும்

மாணவர்களே, இசைவாக்கம் பற்றிய வினாவுக்கு அநேகர் ஒட்டகத்தையும் தாமரையையுமே உதாரணமாக எழுதுவர். அவை சரியானவையே. எனினும் நமது கரையோரத்திலேயே சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. அதுவே கத்தலை மீன். சிலர் இதனைக் கத்தாளை என்றும் அழைப்பர்.

1. வாழிடம்

இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை (335 கி.மீ.) மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஆறு கொண்டுவரும் வண்டலும் சேதனப் பொருள்களும் அங்கே படிகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கத்தலை வாழ்வது அந்த ஆழத்தில் அன்று. சேறும் மணலும் படிந்த, ஆழம் குறைந்த கரையோர அடித்தளத்திலாகும். பல கத்தலை இனங்களின் குஞ்சுகள் கழிமுகங்களில் வளர்கின்றன.

2. பாகுபாடு

கணம்: கோடேற்றா
கூட்டம்: என்பு மீன்கள்
குடும்பம்: சயினிடே (உலகில் ஏறக்குறைய 300 இனங்கள்)
உதாரணம்: ஒட்டோலிதெஸ் ரூபர்

3. இசைவாக்கங்கள்

(அ) பக்கக்கோடு வாற்செட்டையின் நுனிவரை நீண்டிருக்கும். கலங்கிய நீரில் கண் பயன்படாதபோது நீரின் அதிர்வுகளை உணர இது உதவும்.
(ஆ) அடித்தளத்தில் இரை தேடும் பல இனங்களில் வாய் தலையின் கீழ்ப்புறமாக அமைந்திருக்கும். புழு, இறால், சிறு நண்டு என்பவற்றை எடுக்க இது ஏற்றது.
(இ) காதுக்கற்கள் பெரியவை. அவற்றிலுள்ள வளையங்களை எண்ணி மீனின் வயதைக் கணிப்பர். ‘ஒட்டோலிதெஸ்’ என்னும் பெயரின் பொருளும் காதுக்கல் என்பதே.
(ஈ) வளிப்பை நீரில் மிதப்பைச் சமப்படுத்துகிறது. அதே பை ஒலி எழுப்பவும் உதவுகிறது.

4. ஒலி எழுவது எவ்வாறு?

மீனுக்குக் குரல்நாண் இல்லை. வளிப்பையை அடுத்துள்ள விசேட தசைகள் விரைவாகச் சுருங்கித் தளர, பை மேளம்போல் அதிர்கிறது. பல இனங்களில் இத்தசைகள் ஆண் மீனில் மாத்திரம் காணப்படும். இனப்பெருக்க காலத்தில், விசேடமாக மாலை மங்கும் வேளையில், இவ்வொலி அதிகரிக்கும். வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். நீரில் ஏறத்தாழ 1500 மீற்றர். ஆகவே கலங்கிய நீரில் துணையை அழைக்க ஒலியே சிறந்த வழியாகும்.

5. உணவுச் சங்கிலி

உக்கும் சேதனப் பொருள் → சிறு இறால் → கத்தலை → மனிதன்

6. மனிதச் செயற்பாடுகளின் தாக்கம்

திருகோணமலைக் கரையோரத்தில் டைனமைற்று வெடித்து மீன் பிடிப்பது நீண்டகாலப் பிரச்சினையாகும். வெடிப்பின் அமுக்க அலை உடலைக் கடக்கும்போது நீரும் தசையும் அதிகம் நெருங்குவதில்லை. வாயு திடீரென நெருங்கி விரியும். இதனால் வளிப்பை வெடிக்கிறது. மிதப்பை இழந்த மீன்களுள் பல அடியில் அமிழ்ந்து எவருக்கும் பயனின்றி அழுகும். குஞ்சுகளும் மடியும். மீனை வாழவைக்கும் உறுப்பே அதன் சாவுக்கும் காரணமாவதைக் கவனியுங்கள்.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடிபொருள் பயன்படுத்தி மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடித் தொழில் 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது.

மாதிரி வினா

வெடி வைத்து மீன் பிடிக்கும்போது சுறாவைவிடக் கத்தலை அதிகம் பாதிக்கப்படுவது ஏன்?

விடை: கத்தலைக்கு வாயு நிரம்பிய வளிப்பை உண்டு, கசியிழைய மீனாகிய சுறாவுக்கு வளிப்பை இல்லை. அமுக்க அலையினால் வாயு சடுதியாக நெருங்கி விரிவதால் கத்தலையின் வளிப்பை வெடிக்கிறது.

நினைவில் கொள்க: “வெடியினால் மீன் இறக்கும்” என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. காரணத்தையும் எழுதுங்கள். வீட்டில் அடுத்தமுறை கத்தலை வெட்டும்போது வளிப்பையையும் காதுக்கல்லையும் தேடிப் பாருங்கள். ஒருமுறை கண்ணால் கண்டது பரீட்சை மண்டபத்தில் மறக்காது.